வேலிக்கு வெளியே போன பந்து

ஓரடிக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. அழிந்துவருகிற இனம் என்று யாரும் கவலைப்பட வேண்டாம், உலகம் முழுவதும் செழிப்பாகத்தான் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரேயொரு தடவை ஒரு நல்ல அடி அடித்துவிட்டு, மிச்சக் காலம் முழுவதும் அந்த அடியின் மேலேயே குந்தியிருந்து பெருமை பேசுகிறவர் எவரோ அவரே ஓரடிக்காரர். பந்தைத்தான் அடித்திருக்க வேண்டும் என்றில்லை. பத்தாம் வகுப்பில் கணிதத்துக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்ததை இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்பவர், ஆயர் ஒருமுறை தன் ஆட்டுக்கறியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கியதை வருகிற போகிற எல்லோருக்கும் சொல்லும் அம்மா, எல்லோரும் இதற்குள் அடக்கம். ஆனால் ஓர் இனத்தைப் படிப்பதென்றால் நல்ல கொழுத்த மாதிரி ஒன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டுமல்லவா? அதற்கு நீங்கள் இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வரவேண்டும்.

கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் சனம் நின்று கதைக்கிற நேரத்தில், ஐம்பத்துமூன்று வயதும் அகலமான தோளும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிய வண்டி வயிறுமாக ஒருவர், தன் கைமணிக்கூட்டைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பதைக் காண்பீர்கள். அவர்தான் கிறிகோரி. மன்னார்க்காரர். கிழமை நாட்களில் ஒரு வயோதிப சிஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், ஞாயிறுகளில் தன் புகழைப் பார்த்துக்கொள்கிறார். மணிக்கூடு கழன்றால் கதை தொடங்கப்போகிறது என்று அர்த்தம். விசயம் தெரிந்தவர்கள் அந்தக் கணமே பஸ் வந்துவிட்டதென்று சொல்லி ஓடிவிடுவார்கள். மணிக்கூட்டைக் கையில் வாங்கியவர் ஓட முடியாது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே!

"நான் வடக்கு இத்தாலியிலை பேஸ்போல் ஆடேக்கை..." என்று தொடங்குவார்.

பேஸ்போல் கிரிக்கெற்றுக்குத் தூரத்துச் சொந்தம். தடித்த உருண்டைத் தடியால் பந்தை அடித்துவிட்டு, மைதானத்தின் மூலைகளை ஒவ்வொன்றாக ஓடித் தொடவேண்டும். கிறிகோரி அதைச் சும்மா ஆடவில்லை, சம்பளத்துக்கு ஆடினவர். நிற்பது இடதுபக்க வெளிக்களத்தில், வேலிக்குக் கிட்ட. ஆனால் பெயரெடுத்தது அடியில். அந்த அடியைச் சொல்லிக் காட்டினால் போதாது, செய்து காட்டவேண்டும். அதற்கு ஒரு தடி வேண்டும். கோயில் வாசலென்றால் யாருடையதாவது குடை. சிஞோரா வீடென்றால் வீடு கூட்டும் தும்புத்தடி. பல்லரோச் சந்தையென்றால் கேட்கவே வேண்டாம், ஓராள் இடுப்பளவு நீளத்துக்குத் தொங்குமே சிசிலிச் சுரைக்காய், அதில் ஒன்றை உருவிவிடுவார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்கிறபோது சுரைக்காய் ஆகாதா? தக்காளிக்காரன் தன் பெட்டிகளை உள்ளே இழுப்பான், மீன் வாங்க நிற்கும் பெண்கள் இரண்டடி பின்வாங்குவார்கள், கிறிகோரி கால்களை அகட்டி, சுரைக்காயைத் தோளுக்கு மேலே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, வராத பந்தை வரவழைத்து ஒரு வீசு வீசுவார்.

"எங்கை போனது தெரியுமோ?"

எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன வருடம் போன இடத்துக்கு அது இந்த வருடம் போகாது என்பதுதான் விசேசம். அவர் பலெர்மோவுக்கு வந்த புதிதில் பந்து மைதானத்து வேலியைத் தாண்டியது. விமலராஜின் கல்யாணத்தில் வேலிக்கு அப்பாலிருந்த தெருவையும் தாண்டியது. சின்னப்பிள்ளை மொனிகா கோயிலில் முதல்தரம் நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்தில் கண் காது மூக்கு எல்லாம் முளைத்து, தெருவுக்கு அப்பாலிருந்த தண்டவாளத்தில் ஓடிய சரக்கு ரயிலுக்குள் விழுந்து ஜெர்மனிக்கே போய்விட்டது. கூடவே அவருடைய ஆட்டக்காலமும் வளர்ந்தது: இரண்டு வருடம் ஆறாகி, ஆறு பதினொன்றாகி, கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஏன் அமெரிக்கா போகவில்லை? "குளிர் ஒத்துக்கொள்ளாது" என்றார்.

உண்மையை உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், வெளியில் விடவேண்டாம். அவர் ஆடியது இரண்டு பருவம். பதினாலு ஆட்டத்தில் பதினொன்றில் மைதானத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். மிச்ச மூன்றில் ஒன்றில்தான் அந்த அடி விழுந்தது. பந்து வேலியைத் தாண்டியதென்னவோ சத்தியம். ஆனால் அது எல்லைக்கோட்டுக்கு இடதுபக்கம் தாண்டியது. கிரிக்கெற்றில் பந்து எந்தப் பக்கத்தால் வெளியே போனாலும் சிக்ஸர்தான், பின்னுக்குப் போனாலும் சிக்ஸர்தான். பேஸ்போலிலோ இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறார்கள். அதற்கு வெளியே போனால் அது சந்திரனுக்கே போனாலும் செல்லாது. கிரிக்கெற்றில் வளர்ந்த கிறிகோரி இரண்டு கையையும் உயர்த்தி, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டு, மைதானத்தைப் பாதி சுற்றியும் விட்டார். நடுவர் கூப்பிட்டுத் திரும்பவும் அடிக்கவிட்டார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார்.

அவரையும் கடவுளையும் தவிர இது தெரிந்தவர் பலெர்மோவில் ஒரே ஒருத்திதான். அன்றைக்கு அந்த மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டில் தனியாக எழும்பி நின்று கைதட்டிய அற்புதமலர். அவருடைய மனைவி. அடி செல்லாது என்பதைத் திரும்பி வருகிற பஸ்சில் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவர் அழுதார். அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, சரக்கு ரயில் வந்தபோதுகூட.

இந்த இனத்துக்கு வருகிற ஒரே ஆபத்து என்ன தெரியுமா? யாராவது நம்பிவிடுவது.

நம்பியவர் தவராசா. தமிழ் விளையாட்டுக் கழகத்துச் செயலாளர், நல்ல மனுசன், எதையும் நம்பக்கூடிய முகவெட்டு. பலெர்மோத் தமிழர் ஞாயிறு பின்னேரங்களில் கிரிக்கெற் ஆடுவது நகர ஓரத்தில் ஒரு சின்ன பேஸ்போல் கழகத்தின் மைதானத்தில். ஆறு நாளும் மற்றவர்களின் வீடு துடைத்து, மற்றவர்களின் அப்பா அம்மாவைக் குளிப்பாட்டி, மற்றவர்களின் சமையலறையில் கோப்பை கழுவுகிற சனத்துக்கு, ஏழாம் நாள் குரலெடுத்துக் கத்த இருக்கிற இடம் அது ஒன்றுதான். அந்தக் கழகத்துத் தலைவர், இளைப்பாறிய வாத்தியார் ஒருவர், வருகிற மாதம் தொடக்கம் ஞாயிறு முழுக்கத் தங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி வைக்கவேண்டும், மன்னிக்கவேண்டும் என்றார். தவராசாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சிஞோர், பயிற்சிக்கு எங்களிட்டையே ஒரு ஆள் இருக்கிறார். சம்பளத்துக்கு ஆடினவர்!"

தலைவரின் கண் விரிந்தது. அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று என்றார். அவர் வந்து பந்தெறிகிற எங்கள் பெடியனிடம் ஐந்து பந்து ஆடட்டும், ஒரு தடவையாவது பந்து வந்து சேருமுன் முதல் மூலையைப் போய்த் தொடட்டும். தொட்டுவிட்டால் ஞாயிறு காலை அவர் எங்களுக்குப் பயிற்சி, பின்னேரம் மைதானம் உங்களுக்கு. தொடாவிட்டால் ஞாயிறு எங்களுடையது. "ஆனால் அவருக்கு இதெல்லாம் ஒரு விசயமா?" என்று சிரித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் ஒன்று, வாய் இன்னொன்றுடையது.

"என்னத்துக்கு ஓமெண்டனீங்கள்?" என்று அன்றிரவு அற்புதமலர் கேட்டாள்.

"இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? ரயில்வரைக்கும் சொல்லியாச்சு."

"இருவத்தாறு வருசமாச் சுரைக்காய்தானே பிடிச்சனீங்கள்."

கிறிகோரிக்குப் பயம் பிடித்துவிட்டது. தோற்றால் மைதானம் மட்டுமா போகும்? வேலி, தெரு, தண்டவாளம், அமெரிக்கா, எல்லாம் ஒரே பின்னேரத்தில் போய்விடும். அதற்குப் பிறகு அவர் கோயில் வாசலில் வெறும் கிறிகோரியாக நிற்கவேண்டும்.

அந்த ஞாயிறு மைதானத்தில் தமிழ்ச்சனம் திரண்டுவிட்டது. மைதானம் கிடைத்தால் பலெர்மோவின் காவல்புனிதை சாந்தா றொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி வருவதாகத் தவராசா நேர்ந்துவிட்டிருந்தார். சைவக்காரர்தான், ஆனால் மலையில் இருக்கிறவ நம்முடைய ஆள் என்பது அவருடைய கட்சி. கோயில் வாசலில் அந்தக் கதையைப் பலதரம் கேட்டுவிட்ட குகனேஸ்வரி மாத்திரம், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதெண்டுவினம், இண்டைக்குப் பாப்பம்" என்றபடி நிழல் பார்த்து இருந்தாள். கிறிகோரி மணிக்கூட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். முதல்முறையாக, அதைக் கழற்றிய பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

முதல் பந்து. வீசினார் பாருங்கள்! படாரென்று பட்டு, பந்து மேலே மேலே போய் வேலிக்கு வெளியே விழுந்தது. "சிக்ஸர்!" என்று சனம் துள்ளியது, கூட்டத்தில் நின்ற பெடியன் றொனி மேளத்தை அடித்தான், தவராசா செருப்பைக் கழற்றினார். தலைவர் தலையை ஆட்டி இடது கோட்டைக் காட்டினார். வெளியே. செல்லாது.

"என்ன செல்லாது? வேலியைத் தாண்டினதோ இல்லையோ?"

"உவங்கடை ரூல்ஸ் அப்பிடியாம்."

"விசர் ரூல்ஸ்!"

இரண்டாவதும் அதே பக்கம். மூன்றாவது இன்னும் தூரம், அதே பக்கம். நாலாவது வேலிக்கு வெளியே நின்ற யாருடையதோ காரின் கூரையில் விழுந்த சத்தம் கேட்டது. அந்தத் தோளில் பலம் இருந்தது உண்மை, அது போகிற பக்கம்தான் இருபத்தாறு வருடமாக மாறவில்லை. பந்து பிடிக்க நின்ற பேஸ்போல் கழகத்துப் பெடியள் பயந்துபோய் ஒவ்வொரு அடிக்கும் பின்னுக்குப் பின்னுக்குப் போய், இப்போது எல்லோரும் வேலியோடு முதுகை ஒட்டி நின்றார்கள்.

அற்புதமலர் தண்ணிப்போத்தலோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அடிச்சது காணும். மெல்லமாத் தொட்டுப்போட்டு ஓடுங்கோ. கிட்ட ஒருத்தரும் இல்லை."

"சனம் பாத்துக்கொண்டு நிக்குது. எனக்கு வெக்கமாக் கிடக்கு, மலர்."

"வெக்கமெண்டால் வெக்கம்தான். அடுத்த ஞாயிறு இவ்வளவு பேரும் எங்கை போறது?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்தார். ஒவ்வொருவரும் கைத்தொலைபேசியைத் தூக்கி வானத்தைப் படமெடுக்க ஆயத்தமாக நின்றார்கள். ஐந்தாவது பந்து வந்தது. கிறிகோரி கால்களை அகட்டினார், தடியைத் தூக்கினார், ஒரு கண்ணைச் சுருக்கினார், மைதானமே அண்ணாந்தது; கடைசிக் கணத்தில் தடியைக் கீழே இறக்கி, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோலப் பந்தைத் தொட்டார். அது கோட்டுக்கு உள்பக்கமாக நாலு முழம் உருண்டு புல்லில் நின்றது. பந்தெறிந்த பெடியன் இன்னும் ஆகாயத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தான். கிறிகோரி ஓடினார். வண்டி முன்னால் ஓட, அவர் பின்னால் ஓட, கிரிக்கெற் பழக்கத்தில் தடியையும் கீழே போடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிப் போய், முதல் மூலையில் குப்புற விழுந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பந்து வந்து சேர்ந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

தலைவர் கைதட்டினார். மைதானம் கிடைத்துவிட்டது. தவராசா அடுத்த நாளே மலையேறி, உள்ளங்காலில் இரண்டு கொப்புளத்தோடு இறங்கினார்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் என்ன கதை நடந்தது என்கிறீர்கள்? கிறிகோரி வாயைத் திறக்கவில்லை. மணிக்கூடு கையிலேயே இருந்தது. கதை சொன்னவர் தவராசா. "அஞ்சாவது பந்து, அண்ணை அடிச்ச அடியிலை, வேலிக்கு மேலாலை போய்..." என்று அவர் குகனேஸ்வரியின் குடையை வாங்கி வீசிக்காட்ட, "மலையடிவாரத்திலை விழுந்ததாம்" என்று குகனேஸ்வரியே எடுத்துக்கொடுத்தாள். படமெடுத்தவர்கள் எல்லோரிடமும் வெறும் நீல வானம்தான் இருந்தது. மறுக்க ஆளில்லை. அற்புதமலர் மட்டும் புருசனைப் பார்த்துச் சிரித்தாள். இந்தமுறையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்களும் இதை யாருக்காவது சொல்லத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். தாராளமாகச் சொல்லுங்கள். பந்து உருண்டது நாலு முழம், நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுசரி, நான் இன்னும் முடிக்கவேயில்லை, அதற்குள் எதற்காக மணிக்கூட்டைக் கழற்றுகிறீர்கள்?