அத்யக்ஷாவுக்குப் பிரியாணி கிடையாது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேப்பரைச் சும்மா படிக்கத் தெரியாது. தீர்ப்புச் சொல்லிக்கொண்டே படிப்பேன். அதிலும் அமளியால் சட்டசபை ஒத்திவைப்பு என்று ஒரு செய்தி வந்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் தொலைந்தார். "நகரியில எங்க நைனா பவர்லூம் ஓட்டறாரு. தறி நின்னா கூலி கெடையாது. சபை நின்னா மட்டும் இவங்களுக்கு இன்னாத்துக்குச் சம்பளம்?" என்று ஆரம்பிப்பேன். திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் காலை பஸ்ஸில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாம் நான் ஏறியதுமே கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்போது நான் சித்தூரில் ஒரு தனியார் டிகிரி காலேஜில் பொலிட்டிகல் சயின்ஸ் லெக்சரர். (கான்ட்ராக்ட் லெக்சரர். முதல் வார்த்தையை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.) அந்தக் கான்ட்ராக்ட் வருஷக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் நகரிக்குப் போய் நைனாவின் தறிக்கு எதிரே நிற்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துப் பிரின்சிபால் கூப்பிட்டு, மாணவர்களை வைத்து மாதிரிச் சட்டசபை ஒன்று நடத்தச் சொன்னார். ஒரு மாஜி எம்.எல்.ஏ. சிறப்பு விருந்தினராக வருகிறார், விவாதம் அனல் பறக்க வேண்டும், நன்றாக நடந்தால் உங்கள் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

மசோதாவுக்கு நான் அலையவே இல்லை. சபை நடக்காத நாளுக்கு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் மசோதா. சபாநாயகராக நானே உட்காருவது என்றும் முடிவு செய்தேன். (தகுதியான ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?)

ஒத்திகையில் பிள்ளைகள் டி.வி.யில் பார்த்ததை அப்படியே செய்து காட்டினார்கள். எதிர்க்கட்சித் தலைவி ஜோதி எங்கள் நகரிப் பெண். தறிச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்த தொண்டை. "அத்யக்ஷா, அத்யக்ஷா" என்று கத்திக்கொண்டே மேஜைமேல் ஏறி மசோதாவைக் கிழித்துப் போட்டாள். (தெலுங்கு சபையில் சபாநாயகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) ஆளுங்கட்சி பதிலுக்கு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எனக்கு என் கான்ட்ராக்டே ஓடுவதுபோல் இருந்தது.

அன்றைக்குத்தான் அந்த அருமையான யோசனை உதித்தது. உறுப்பினர்களின் சம்பளம் ஆளுக்கொரு சிக்கன் பிரியாணி பார்சல். அமளி செய்து சபையை நிறுத்தினால் பார்சல் நிறுத்தப்படும். சாப்பாட்டுப் பொறுப்பு காமர்ஸ் லெக்சரர் வசந்தியிடம் இருந்தது. "சோத்தக் காட்டி மெரட்டினா எவன் சார் வாயத் தொறப்பான்?" என்று அவள் கேட்டாள். அவளுக்கு அரசியல் ஞானம் போதாது என்று நான் சொன்னேன். (பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். சொன்னதை இன்னும் வாபஸ் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.)

விழா நாள் வந்தது. பிரியாணி பார்சல்கள் ஹாலின் பின்பக்கம் அடுக்கியிருந்தன. மின்விசிறி அந்த வாசனையை நேராக உறுப்பினர்களிடம் கொண்டுவந்தது. மாஜி எம்.எல்.ஏ. முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அமைச்சராக நடித்த பையன் மசோதாவைப் படித்தான். நான் கம்பீரமாக எதிர்க்கட்சிப் பக்கம் திரும்பினேன்.

ஜோதி எழுந்தாள். "ஆதரிக்கிறோம், அத்யக்ஷா" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டுக்கு விட்டேன். எல்லோரும் சேர்ந்து "அவுனு" என்று தெலுங்கில் ஆமாம் போட்டார்கள். மசோதா நிறைவேறியது. விருந்தினருக்கு டீகூட இன்னும் வரவில்லை. மதியம் வரை ஓட்ட வேண்டிய சபை அது.

அனல் பறக்காவிட்டால் என் வேலை பறந்துவிடும். எப்படியாவது இவர்களைக் கத்தவைக்க வேண்டுமென்று, காலேஜ் பஸ் கட்டணத்தை இரண்டு மடங்காக்கும் தீர்மானம் என்று வாய்க்கு வந்ததை அறிவித்தேன். அவுனு. ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு என்றேன். அவுனு. பிரின்சிபால் முகம் மலர்ந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "யாராவது எதிர்த்துப் பேசுங்கப்பா" என்று மைக்கிலேயே கெஞ்சினேன். குண்டூசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு ஒழுக்கம்.

அதன்பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் ரத்த அழுத்தம் பொறுப்பு. மணியை அடி அடியென்று அடித்தேன். நாற்காலியை விட்டு இறங்கி சபையின் நடுவே வந்தேன். "நீங்கல்லாம் எம்.எல்.ஏ.வா, மண்சட்டியா" என்று கத்தினேன். கையில் இருந்த மசோதாவைக் கிழித்து எறிந்தேன்.

ஜோதி நிதானமாக எழுந்தாள். சபை இப்போது நடக்கவில்லை, நிறுத்தியவர் அத்யக்ஷா, சற்றுமுன் நிறைவேறிய சட்டப்படி அவருடைய சம்பளத்தை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். அன்று உயிரோடு ஒலித்த ஒரே அவுனு அதற்குத்தான். மாஜி எம்.எல்.ஏ. மேஜையைத் தட்டிச் சிரித்தார். "எனுக்கு இந்த மாதிரி சபை கெடச்சிருந்தா மந்திரியாவே ஆயிருப்பேன், சார்" என்று சொல்லி, என் பார்சலையும் சேர்த்துக் காரில் வைக்கச் சொன்னார்.

வேலை போய்விட்டது என்று சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். பிரின்சிபால் கூப்பிட்டார். பஸ் கட்டண உயர்வுக்கு மாணவர்களே ஏகமனதாக ஒத்துக்கொண்ட காலேஜ் வேறெங்கும் இருக்காது என்று கையைக் குலுக்கி, கான்ட்ராக்டைப் புதுப்பித்தார். உங்கள் கொள்கையையே சேர்த்திருக்கிறேன் என்று ஒரு வரியையும் காட்டினார்: வகுப்பு நடக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் புதிய பஸ் கட்டணம் நோட்டீஸ் போர்டில் ஏறியது. மறுநாள் காலை மொத்தச் சட்டசபையும் கேட்டில் உட்கார்ந்திருந்தது, நடுவில் ஜோதி. பழைய தொண்டை திரும்ப வந்திருந்தது. கட்டண உயர்வை ரத்து செய்யும் வரை வகுப்பு நடக்கவில்லை. அந்த நாட்களுக்கான சம்பளம் காலேஜிலேயே எனக்கு மட்டும்தான் பிடிக்கப்பட்டது. அப்படி ஒரு வரியில் கையெழுத்துப் போட்ட மேதாவி வேறு யாரும் இல்லை.

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஜோதியிடமே போய் நின்றேன். "இம்மா நாயம் பேசற நீ அன்னிக்கு ஏன்மா கம்முனு குந்திக்கினு இருந்த?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அன்னிக்கு பிரியாணி இருந்துச்சே, சார்."

பஸ்ஸில் இப்போது நான் பேப்பரை மனதுக்குள்தான் படிக்கிறேன். வீட்டில் என் பெயர் அத்யக்ஷா. என் பிள்ளைகள் சட்னி கேட்பதும் அப்படிக் கூப்பிட்டுத்தான். அவர்கள் அடித்துக்கொண்டு உருளும்போது வசந்தி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வீடு திடீரென்று அமைதியானால்தான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள்.

"இன்னாங்க, ரெண்டும் சத்தமே காணோம். இன்னா குடுக்கறேன்னு சொல்லி வெச்சீங்க?"