கிடாரின் கழுத்துக்கு ஆவி பிடித்தவன்

இருபத்து மூன்று வயதில் நான் ஒரு முழு முட்டாளாக இருந்தேன். அரைகுறை முட்டாளுக்காவது நடுவில் எங்கோ ஒரு சந்தேகம் தட்டும், கையை எடுத்துக்கொள்வான். எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே கிடையாது. எங்கள் மாதுங்கா வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் என் கையால் 'சரிசெய்யப்பட்டு'ப் பரண் ஏறியிருந்தன. அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் சரிசெய்திருந்தேன். அவர் அதை நூலால் காதில் கட்டிக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். என்னைப் பார்க்க நேர்ந்தால் மட்டும் கழற்றிவிடுவார்.

அறுபதுகளின் கடைசி. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கே டெஸ்பாட்சில் இருந்தான் சேவியர். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், வீடு தாராவியில். நல்ல கிடார்க்காரன். ஒரு நாள் டீ குடிக்கும்போது கிடாரை மடியில் வைத்துக்கொண்டு புலம்பினான். ரயில் கூட்டத்தில் யாருடைய டிபன் கேரியரோ இடித்து, கழுத்தின் பின்பக்கத்தில் மூன்று சின்னப் பள்ளங்கள்.

"பெருவெரலு ஓடும்போது மூணு எடத்துல தட்டுது வே. எரிச்சலா வருது. தங்கச்சி கல்யாணம் முடியட்டும், பைகுல்லால ஒரு ஆளு இருக்காரு, அவருட்ட குடுக்கணும்."

"இதுக்கெதுக்குய்யா ஆள்?" என்றேன் நான். "பத்து நிமிஷ வேலை. ஆவி காட்டினா மரம் தானா உப்பிண்டு வந்துடும்."

"நீரு செஞ்சிருக்கீரா?"

"எத்தனையோ!"

(ஒன்றுகூட இல்லை. என் ஞானம் முழுவதும் தாதர் ஸ்டேஷனில் வேர்க்கடலை சுற்றிக் கொடுத்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகைக் காகிதத்திலிருந்து வந்தது. பள்ளத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் தொட்டால், அழுந்திய மரநார் நீராவியில் உப்பி எழும்பும் என்று அதில் இருந்தது. அடுத்த வரி 'ஆனால் கவனம்' என்று ஆரம்பித்தது. அத்தோடு காகிதம் கிழிந்திருந்தது. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.)

சேவியர் தயங்கினான். தயங்க அவனுக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை காலை தங்கை பிலோமினாவுக்குக் கோயிலில் கல்யாணம். அந்தக் கோயிலுக்குள் அதுவரை கிடார் நுழைந்ததில்லை. பங்குச் சாமியாருக்கு அது சினிமாக்காரர்களின் வாத்தியம். ஆறு மாதம் அவர் பின்னால் அலைந்து, பெண் உள்ளே நுழையும்போது ஒரே ஒரு பாட்டுக்கு அனுமதி வாங்கியிருந்தான். அப்படிப்பட்ட கிடாரைத்தான் நான் விடாப்பிடியாக வாங்கி, சனிக்கிழமை மத்தியானம் ரயிலில் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படியே முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் தந்திகளைக் கழற்றினேன். கட்டிலில் ஜமுக்காளம் விரித்துக் கிடாரைக் குப்புறப் படுக்க வைத்தேன். கைக்குட்டையை நனைத்து முதல் பள்ளத்தின் மேல் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் முனையால் தொட்டேன். 'உஸ்' என்றது. துணியை எடுத்துப் பார்த்தால் பள்ளம் பாதிதான் இருந்தது! இன்னொரு தடவை தொட்டேன். சுத்தமாகக் காணோம். விரலால் தடவிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போயிற்று.

அதோடு பிடித்தது சனியன். அந்த முதல் பள்ளம் எழும்பாமல் இருந்திருந்தால் சேவியரின் கிடார் பிழைத்திருக்கும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா ரமணி, கிடாருக்கு ஜலதோஷமா? ஆவி பிடிக்கறே?"

"இது சயன்ஸும்மா. உனக்குப் புரியாது."

இரண்டாவது பள்ளமும் எழுந்தது. மூன்றாவதுதான் முரண்டு பிடித்தது. கழுத்து உடம்போடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. தொட்டுப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். கடைசியில் பெட்டியைத் துணியின் மேலேயே வைத்துவிட்டு, பக்கத்து ஃபிளாட்காரர் கூப்பிட்டார் என்று வாசலுக்குப் போனேன். அவரிடம் நின்று மரவேலையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன். வேறு எதற்காகப் போயிருப்பேன்?

திரும்பி வந்தபோது அறை முழுக்க வார்னிஷ் வாடை. பெட்டியைத் தூக்கினேன், துணி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தேன். மூன்றாவது பள்ளமும் போயிருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் கழுத்தெல்லாம் தேமல் வந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. (அது பசை. அந்தக் கிடாரைக் கிடாராக வைத்திருந்த ஒரே வஸ்து. சூட்டில் அது இளகும் என்று எனக்குத் தெரியாது. கிழிந்துபோன பாதியில் இருந்திருக்கலாம்.)

என் தங்கை விஜி வந்து குனிந்து பார்த்தாள். மேஜையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்து அந்த இடுக்கில் நுழைத்தாள். போய்விட்டது.

"அண்ணா, இதுக்குள்ளே தபால் போடலாம் போலிருக்கே!"

"வாயை மூடு."

"பேசாம அவர்கிட்டே போய்ச் சொல்லிடு. நாளைக்குக் கல்யாணம்."

அதுதான் அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வார்த்தை. நான் கேட்டேனா? தபால்தலை ஒட்டுகிற கோந்து பாட்டிலை எடுத்து அந்த இடுக்கில் கவிழ்த்தேன். விஜியின் ரிப்பனால் இறுக்கிக் கட்டினேன். தேமலுக்கு அப்பாவின் பிரவுன் பூட் பாலிஷை எடுத்து இரண்டு பூச்சுப் பூசிப் பளபளவென்று தேய்த்தேன். பார்க்கப் புதுச் செருப்பு மாதிரி இருந்தது. எனக்குத் திருப்தி.

திங்கட்கிழமை காலை ரிப்பனை அவிழ்த்து, தந்திகளைத் தொளதொளவென்று மாட்டி, தாராவிக்கு எடுத்துக்கொண்டு போனேன். சேவியர் வெள்ளைக் கோட்டும் சூட்டுமாகக் கோயில் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். கிடாரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் பின்னால் பெருவிரலை ஓட்டினான்.

"ஏயப்பா! குழியையே காணும் வே!"

கட்டிப் பிடித்துக்கொண்டான். "இவருதான் ரமணி. என் கிடாருக்கு உசுரு குடுத்தவரு" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னான். அவனுடைய அம்மா என் கையைப் பிடித்து மூன்றாவது வரிசை பெஞ்சில் உட்காரவைத்தாள். அந்த வாசலில் வாயைத் திறந்திருக்க எனக்கு முழுதாக ஐந்து நிமிஷம் இருந்தது. திறக்கவும் திறந்தேன். "தந்தியை ரொம்ப முறுக்காதே" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் என் வீரம்.

பிலோமினா வெள்ளைப் பட்டுப் புடவையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற சேவியர் வாசிக்க ஆரம்பித்தான். அவள் நாலு அடி வைப்பதற்குள் சுருதி இறங்கியது. அவன் வாசித்துக்கொண்டே முறுக்கினான். ஏறியது. மறுபடி இறங்கியது. இன்னும் முறுக்கினான். எனக்கு முதுகில் வியர்வை ஓடியது, ஜனவரி மாதத்தில்.

மூன்றாவது முறை முறுக்கியபோது 'டொக்'கென்று ஒரு சத்தம். பிறகு பழைய அலமாரிக் கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல். கழுத்து அப்படியே முன்பக்கம் மடங்கியது. அந்தக் கோயிலில் அன்று முதலில் முழங்கால் போட்டது கிடார்தான்.

பிலோமினா பாதி வழியில் நின்றுவிட்டாள். சாமியார் மெதுவாக, ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி, "நான் அப்பவே சொன்னேன், சேவியர்" என்றார்.

சேவியர் வியர்த்த முகத்தை இடது கையால் துடைத்தான். நெற்றியிலிருந்து தாடை வரை பிரவுன் பட்டை விழுந்தது. பூட் பாலிஷ்! தங்கை பயந்துபோய் நிற்பதைப் பார்த்து ஓடி வந்தான். "ஒண்ணுமில்ல பிள்ள, நீ நட" என்று அவள் தோளில் கையை வைத்துத் தேற்றினான். கையை எடுத்தபோது வெள்ளைப் பட்டில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு முழுக்கை பதிந்திருந்தது. அத்தைமார் ஈரத்துணியோடு பாய்ந்தார்கள். (மறுபடியும் ஈரத்துணி!) கறை பரவியது. பாட்டில்லாமலே பெண் பீடத்துக்குப் போனாள். நான் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சேவியரிடம் போனேன். "காத்துல ஈரம் ஜாஸ்தி, அதான்" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவன் கத்தவில்லை. கையை முகர்ந்து பார்த்தான். உடைந்த இடத்தில் கோந்தைச் சுரண்டிப் பார்த்தான். "கழுத்துல குழி இருந்துச்சு. குழியை எடுத்தீரு, சரி. கழுத்தையும் எடுத்துட்டீரே வே" என்றான். கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு மூன்று மாதம் ஆபீசில் என்னோடு பேசவில்லை.

நான்தான் அந்தக் கிடாரைப் பைகுல்லாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ரிப்பேர்க்காரர் இரண்டு துண்டையும் கையில் ஏந்தி, "கிஸ்னே கியா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் செய்தான் என்று சொன்னேன். அந்த ஆளைத் துணி இஸ்திரி போடப் போகச் சொல், ஆனால் என் துணியை அவனிடம் கொடுக்காதே என்றார் ஹிந்தியில். பிறகு பள்ளம் இருந்த இடத்தை நான் காட்டியபோது வெகுநேரம் சிரித்தார். இத்தனை சின்னப் பள்ளத்தை யாராவது தொடுவார்களா, ஒரு வாரம் வாசித்தால் விரலுக்கே பழகிவிடுமே என்றார். கிடாரை அவர் பிழைக்க வைத்துவிட்டார். அந்தக் கோயிலுக்குள் மட்டும் அதற்கப்புறம் ஒரு பத்து வருஷத்துக்கு எந்தக் கிடாரும் நுழையவில்லை.

சேவியர் கடைசியில் மன்னித்தான். பிலோமினா மன்னிக்கவில்லை. அல்லது, அவளுடைய பாணியில் மன்னித்தாள். கல்யாணமாகி அவள் செம்பூருக்குக் குடிபோன பிறகு, சேவியரோடு முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மறித்தாள். "அண்ணாச்சி, மொதல்ல கையக் காட்டுங்க." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டுக்குள் நான் கையைக் காட்டாமல் நுழைந்ததில்லை. எங்கள் வீட்டிலும் விஜி அதையே பிடித்துக்கொண்டாள். பிலோமினாவின் பேரப்பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. மாதுங்காக்காரர்களின் சம்பிரதாயம் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் அவளுடைய பேத்தியைக் கட்டிக்கொண்ட பையன் முதல்முதலாக விருந்துக்கு வந்தான். வாசலில் நான் கையை நீட்டிக் காட்டுவதைப் பார்த்தான். என் பின்னாலேயே நின்று, மிகுந்த பணிவோடு அவனும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.