பத்தொன்பது நாளாக அணைக்காத மடிக்கணினி

பதுளை
12.10.2008

அன்புள்ள மகள் தயானிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகன் பிரவீணனும், மார்கழியில் வந்து சேரவிருக்கும் இன்னும் பெயரிடப்படாத நபரும் மெல்போர்னில் சுகமாக இருக்க எல்லாம் வல்ல இறைவன் துணை. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற மடிக்கணினிதான் படுக்கையில்.

புதியது அனுப்புவதா வேண்டாமா என்று ஒரே சொல்லில் பதில் கேட்டிருந்தாய். முப்பத்து நான்கு வருடம் தபாலதிபராக இருந்த எனக்கு ஒரு சொல்லில் எழுதும் பழக்கம் தந்தியில் மட்டும்தான் உண்டு. ஆகவே விபரமாகச் சொல்கிறேன். சென்ற மாதம் அது இரண்டு நாள் கண் திறக்கவில்லை. கடைவீதியில் வானொலி திருத்தும் ஸனூஸ் எதையோ கழற்றி, ஊதி, மாட்டி எழுப்பிவிட்டார். "நிப்பாட்டினா பொறகு எழும்புமா எண்டு எனக்கு சொல்ல ஏலா மாஸ்டர். ஓடுற வரைக்கும் ஓடட்டும், உடுங்க" என்றார். பிள்ளை பிறந்த அன்றே அதன் முகத்தை ஸ்கைப்பில் பார்ப்பதென்று அம்மா தீர்மானித்திருப்பதால், அன்றிலிருந்து நாங்கள் அதை அணைக்கவே இல்லை. இன்றோடு பத்தொன்பது நாள். ஒருவர் கோயிலுக்குப் போனால் மற்றவர் பக்கத்தில் இருக்கிறோம். தட்டினால் களைத்துவிடும் என்று இந்தக் கடிதத்தையும் கையால்தான் எழுதுகிறேன். அதன் காற்றாடிச் சத்தத்தைக் கேட்டு அம்மா தினமும் காலையில், "இண்டைக்கு மூச்சுப் பரவாயில்லை" என்று உரக்கச் சொல்ல, பக்கத்து வீட்டு நளீரா எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று தோடம்பழமும் மால்ட் டின்னும் கொண்டு சுகம் விசாரிக்க வந்தார். திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பதால் மால்ட்டை நான் குடித்துவருகிறேன். செவ்வாய்க்கிழமை மழையில் மின்சாரம் போனது. பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும். ஸனூஸின் கடையில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று மடிக்கணினியைச் சால்வையில் சுற்றி, திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஓடினேன். நமுனுகுல மலைப் பக்கத்து ஓட்டோக்காரப் பையன் ஒருவன் என் கோலத்தைப் பார்த்து நிறுத்தி, "ஏறுங்க சார், ஆஸ்பத்திரிக்குங்களா? புள்ளைக்கி என்னாச்சுங்க?" என்றான். விளக்கம் சொல்ல நேரமில்லை. "கெதியாப் போ தம்பி" என்றேன். ஹோர்னை அடித்துக்கொண்டே போனான். பஸ்கூட ஒதுங்கி வழிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை இப்போது கைவிட மனம் வரவில்லை. மார்கழி வரைக்கும் தாங்கும். ஆகவே புதியது வேண்டாம். அதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு நல்ல தொட்டிலாக வாங்கு.

கனமானது எதையும் தூக்காதே. மருமகனுக்கு எங்கள் அன்பு. மூவருக்கும் ஆசி.

அப்பா,
இரகுநாதன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொட்டில் வந்த இடத்தில் அழத் தொடங்கிவிட்டாள். "முதல் பிள்ளை. அங்க பிள்ளை பெத்த உடம்புக்கு அவளுக்குக் காயச்சரக்கு ஆர் காய்ச்சிக் குடுக்கிறது? உந்தப் பெட்டிக்குள்ளால நீட்டேலுமே? நான் போறன்" என்கிறாள். அடுப்படியில் மல்லி வறுக்கும் வாசனை வந்துவிட்டது. விசாவுக்கு வேண்டிய கடிதத்தை உடனே அனுப்பு. அவளுக்கு மட்டும் போதும். என் முழங்கால் விமானத்துக்கு ஒத்துவராது. புதிய மடிக்கணினியையும் அனுப்பிவிடு. இனி அம்மாவையும் நான் அதில்தான் பார்க்க வேண்டும்.