லென்ஸ் சாமியின் கண் திறப்பு

தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கி "லென்ஸ் சாமி" என்று சொன்னால் போதும். மராட்டி தெரிய வேண்டாம், இந்தி தெரிய வேண்டாம். ஷேர் ஆட்டோக்காரர் மூன்று பேர் உட்காரும் வண்டியில் ஆறு பேரை அடைத்து, சாமி வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். 2005-ஆம் வருடத்துச் செவ்வாய்க்கிழமைகளில் அந்த வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே சர்க்கரை சும்மா கொடுக்கிறார்களோ என்று நினைக்கத் தோன்றும். கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வந்தவர்கள் மடியில் பிள்ளை இல்லை, நோயாளி இல்லை. கேமரா இருந்தது. ஹேண்டிகேம் விலை இறங்கியிருந்த காலம் அது. போசரியில் ஷிப்டுக்குப் போகிறவனும் ஔந்தில் ஆபீஸ் போகிறவனும் ஒன்று வாங்கிக் கல்யாணம் காதுகுத்து எடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று கிளம்பியிருந்தார்கள். இத்தனை பேர் புதிதாகக் கிளம்பினால், அவர்களை வைத்துப் பிழைக்க ஒருவன் கிளம்ப மாட்டானா? ஜம்புநாதன் கிளம்பினார், லென்ஸ் சாமியாக.

அவருடைய தத்துவம் எளிமையானது. கோயிலுக்குச் சிலை செய்தால் சிற்பி கடைசியில்தான் கண் திறப்பார். அதுவரை அது கல். கேமராவும் ஒரு கண்தானே? பெட்டியை உடைத்து எடுத்த கேமரா குருட்டுக் கேமரா. குருட்டுக் கண் பார்த்த கல்யாணம் உருப்படுமா? கேமரா செய்த ஜப்பான்காரன் இந்தச் சங்கதியை விளக்கப் புத்தகத்தில் போட மறந்துவிட்டான், பாவம்.

கண் திறக்க மூவாயிரத்து ஒன்று. ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் எலுமிச்சம்பழம் கட்ட முந்நூறு. மைக்குக்குக் காது குத்த ஐந்நூறு. ஆமாம், மைக்குக்குத்தான். எல்லாம் முடிந்ததும் கேமரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஆறே மாதத்தில், அங்கே பிழைக்கப் போன நம் தமிழ்ச் சனம், ஸ்டிக்கர் இல்லாத கேமராவை மண்டபத்துப் படியேற விடுவதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டது. எடுக்கிறவனுக்கு எடுக்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதில் வகையாக மாட்டிக்கொண்டவள் கெசியா. போசரியில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு, கையில் சேர்ந்ததை எல்லாம் போட்டுப் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தாள். ஸ்டாண்டு அவள் தம்பி ஜெரோஷ் இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்தது. விளக்கு, ஹார்ட்வேர் கடை ஹாலோஜன். வெளிச்சத்தை முகத்தில் மெத்தென்று விழவைக்க ஒரு தெர்மோகோல் அட்டை. அவ்வளவுதான் அவள் ஸ்டூடியோ. ஆனால் அவள் எடுத்த படத்தில் முகம் முகமாக இருந்தது, அதுதானே வேண்டும்.

முதல் ஆர்டர் துரைசாமி வீட்டுக் கல்யாணம். ராணுவச் சரக்கு டெப்போவில் வேலை பார்க்கும் மனிதர், நல்லவர், வாய் பேசத் தெரியாதவர். இந்தக் கல்யாணம் நன்றாக வந்தால் அதைக் காட்டி இன்னும் நாலு ஆர்டர் பிடிக்கலாம். கைவிட்டுப் போனால் திங்கட்கிழமை மறுபடியும் அட்டைப்பெட்டிதான். மேஸ்திரியிடம் ஒரு வாரம்தான் தவணை கேட்டிருந்தாள்.

ஞாயிறு கல்யாணம். அதற்கு முந்தின திங்கட்கிழமை துரைசாமி வந்து வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. சம்பந்தி வூட்ல கேக்கறாங்க. நாளைக்கு லென்ஸ் சாமிகிட்ட போயி ஸ்டிக்கர் ஒட்டிக்கினு வந்துடு."

"அங்கிள், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"அதையும் கேட்டுட்டேன். உங்காளுங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொறப்பாராம். ரேட்டு ஒண்ணுதான்."

சாமிக்கு மத பேதமே கிடையாது. பேதம் பார்த்தால் கல்லா நிறையுமா?

"ஒட்டலேன்னா?"

"பிம்ப்ரியில ஒரு ஸ்டூடியோக்காரன் ஸ்டிக்கரோட ரெடியா இருக்கான்மா. நானும் நாளைக்கு சாமிகிட்ட வரேன்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

கெசியா கணக்குப் பார்த்தாள். கேமரா வாங்கியதே எட்டாயிரத்துக்கு, அதற்குக் கண் திறக்க மூவாயிரமா? அழுகையும் ஆத்திரமுமாகக் கேமராவை எடுத்துத் துடைத்து, ஓட விட்டு, அதன் பக்கவாட்டில் விரியும் சின்னத் திரையில் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் அம்மா பிலிஸ், சீரியலுக்காகச் சேனல் மாற்றிக்கொண்டிருந்தாள்.

திரையில், ரிமோட்டின் மூக்கில், ஊதாவும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம் மினுக்கியது.

கெசியா தலையைத் தூக்கி நேரே பார்த்தாள். ரிமோட் இருட்டாகத்தான் இருந்தது. திரையைப் பார்த்தாள். மினுக்கியது.

"அம்மா, இன்னொருவாட்டி அமுக்கு."

"ஏட்டி, சீரியல் போட்டாச்சுல்லா. இனி என்னத்துக்கு மாத்தச் சொல்லுத?"

"மாத்த வேண்டாம். சும்மா என்னயப் பாத்து அமுக்கு."

பிலிஸ் அமுக்கினாள். ஜோதி தெரிந்தது. லென்ஸ் சாமியின் பேரே அந்த ஜோதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாதாம், கண் திறந்த கேமராவுக்கு மட்டும் சாமி கூடத்து அம்பாள் நெற்றியில் தெரியுமாம். கெசியா ரிமோட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "பிள்ளைக்குக் கோட்டி பிடிச்சுட்டு" என்று பிலிஸ் முணுமுணுத்தாள்.

மறுநாள் சாமியின் கூடம். பட்டப்பகலில் எல்லா ஜன்னலுக்கும் திரை. நடுவில் ஆளுயர அம்பாள் படம், நெற்றியில் கறுப்பாக ஒரு கல். கீழே கோரைப்பாயில் ஜம்புநாதன், உடம்பெல்லாம் சந்தனம். வரிசையில் கெசியாவுக்கு முன்னால் ஔந்திலிருந்து வந்த வசந்தகுமார், முதல் சம்பளத்தில் வாங்கிய புத்தம்புதுக் கேமராவோடு நின்றான். ஓரத்தில் துரைசாமி.

"முதல்ல பாரு. தெரியுதா?"

வசந்தகுமார் கேமராவை அம்பாள் பக்கம் திருப்பினான். "இல்ல சாமி."

"குருடு" என்றார் சாமி, டாக்டர் மாதிரி. பிறகு மந்திரம். பத்தாயிரம் ரூபாய் லென்ஸில் நெய் தடவி, விபூதி தூவி, துடைத்தார். கேமராவுக்கு வாய் இருந்தால் கதறியிருக்கும். கடைசியில் கண்ணை மூடி, இடது காலை லேசாக மடக்கினார். "இப்ப பாரு."

"தெரியுது சாமி. ஜோதி தெரியுது" என்று பையன் கேமராவோடு கும்பிட்டான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, என் கேமராவுலயும் தெரியுதே" என்றாள் கெசியா. மூடியைக் கழற்றி, திரையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்திருந்தாள். "இதுக்கு இன்னும் கண்ணே தொறக்கலியே. நெய்யும் இல்ல, ஸ்தோத்திரமும் இல்ல."

கூட்டம் அவள் திரையை எட்டிப் பார்த்தது.

"சிலதுக்குப் பக்கத்துக் கேமராவோட அருள் ஒட்டிக்கும்" என்றார் சாமி. கால் நிமிர்ந்தது. இரண்டு திரையிலும் ஜோதி அணைந்தது. "அம்பாள் கோவிச்சுக்கிட்டா. எல்லாரும் போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

"அம்பாள் போனா போகட்டும். நான் வீட்டுலேர்ந்து ஒண்ணு கொண்டாந்திருக்கேன்." கெசியா பையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். "தம்பி, உன் கேமராவ இப்படித் திருப்பு."

வசந்தகுமார் திருப்பினான். அவள் அமுக்கினாள். அவன் வாய் திறந்தபடி நின்றது.

"என்ன தெரியுது?"

"அதேதான்க்கா. அதே ஜோதி."

"எங்க வீட்டு டிவி ரிமோட்டு. எங்கம்மா தெனமும் எட்டு மணிக்கு அமுக்குவாங்க. இதுல எரியுற பல்பு மனுசக் கண்ணுக்குத் தெரியாது, எந்தக் கேமராவுக்கும் தெரியும். அந்தக் கல்லுக்குப் பின்னாடியும் இதே பல்புதான் இருக்கும்."

துரைசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இருபது வருடம் டெப்போவில் சரக்கு சரிபார்த்த கை. போய்ப் பாயைப் புரட்டினார். சாமியின் இடது முழங்கால் இருந்த இடத்தில் ஒரு சுவிட்சு. அதிலிருந்து ஒயர். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அம்பாள் படத்துக்குப் பின்னால் பேட்டரி, நெற்றிக் கல்லுக்குள் கடுகைவிடச் சற்றே பெரியதாக ஒரு பல்பு. பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

ஜம்புநாதன் பின்வாசலைப் பார்த்தார். அங்கே ஏற்கனவே எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு, டிவி மெக்கானிக்காக இருந்ததையும், கடை ஓடாததையும், பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பதையும் வரிசையாகச் சொன்னார். கல்லாப்பெட்டி அன்றே காலியானது.

"ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு வந்துடும்மா" என்றார் துரைசாமி. "சம்பந்திகிட்ட நான் பேசிக்கறேன். ஸ்டிக்கர் இல்லாம வா." முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். கெசியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஊரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் கிட்டு காத்திருந்தார். ஏற்கனவே மூன்று கேமராவுக்குக் கண் திறந்தவர், போன மாதம்தான் மைக்குக்குக் காது குத்தியவர். கையில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் நூற்றொரு ரூபாய்.

"அம்மாடி, அந்த ரிமோட்ட எங்க கேமராவுக்கு ஒரு தரம் காட்டேன். சாமியையே ஜெயிச்ச ரிமோட்டு. ராசியா இருக்கும்."

கெசியா அவரைப் பார்த்தாள். பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"கேமராவுக்குக் கண்ணு தொறக்க ஒரு செலவும் இல்ல அண்ணாச்சி. முன்னால ஒரு மூடி இருக்கும், கழட்டிட்டாப் போதும்" என்றாள். "உங்களுக்குத்தான் எவன் மூடி போட்டான்னு தெரியல. வீட்டுக்குப் போயி, அத மொதல்ல கழட்டப் பாருங்க."