குற்றாலத்தில் ஒவ்வொரு ஏழாவது ஆளும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், அத்தனை பேரையும் உண்டாக்கிய பாவம் ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அந்த மனிதருக்கு மட்டும் பட்டம் கிடையாது. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஏதாவது ஒன்றில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, ‘மூணாம் அத்தியாயம் எப்படி இருக்கார்?’ என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேராவது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

மூணாம் அத்தியாயம் என்பதுதான் அவருக்கு வழங்கிய பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பல்கலைக்கழகப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஆய்வேட்டில் முதல் அத்தியாயம் முன்னுரை. இரண்டாவது, நமக்கு முன்னால் யார் யார் என்ன எழுதினார்கள் என்பது. மூன்றாவது, நாம் எந்த முறையில் ஆராய்ந்தோம் என்பது. நாங்களெல்லாம் அந்த மூன்றாவதை ஒரு வாரத்தில், பெரும்பாலும் இன்னொருவனுடைய ஆய்வேட்டைப் பார்த்து, எழுதித் தள்ளிவிடுவோம். அவர் அதில் ஆறாவது வருடமாக இருந்தார். நான்காவதும் ஐந்தாவதும் எழுதி முடித்து அலமாரியில் தூங்கின. மூன்றாவதில் மட்டும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த மேன்ஷனில் அவர் எனக்கு அடுத்த அறை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிடுவேன். ஒல்லியான உடம்பு, காதில் பென்சில், கக்கத்தில் கிளிப் வைத்த அட்டை. குளிக்கப் போனாலும் அட்டை கூடவே போகும். ஆய்வேட்டோடு யார் வந்தாலும் உட்காரவைத்து, ஒரு பாரா படித்துவிட்டு, “இத எப்படிலே கண்டுபிடிச்செ?” என்று கேட்பார். அவ்வளவுதான். வந்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒரு மாதம் கழித்து அவன் ஆய்வேட்டை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது.

ஆய்வு முறையை ஆய்வோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குக் காய் வாங்க இரண்டு பேரும் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனோம். தக்காளிப் பெட்டியில் மேல்வரிசை பளபளவென்று இருந்தது. “மேல இருக்கத மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாதுலே” என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள்பட்டை வரைக்கும் கையைப் பெட்டிக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

வியாபாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “ஏ தம்பி, நீ தக்காளி வாங்க வந்தியா, பிரசவம் பாக்க வந்தியா?”

வெளியே வந்த கையில் தக்காளி இல்லை, ரசம்தான் இருந்தது. முழுப் பெட்டியையும் வியாபாரி எங்கள் தலையில் கட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்க மேன்ஷனில் தக்காளிச் சோறு, தக்காளிக் குழம்பு, தக்காளிச் சட்னி. தக்காளி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் நெஞ்சைக் கரிக்கும்.

பண்பொழியில் அவருக்குப் பெண் பார்க்கப் போனபோதும் துணைக்கு நான்தான். பெண்ணின் அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையை நீவிக்கொண்டே, “பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி?” என்றார்.

“கேள்வியே தப்பு மாமா. பிடிச்சிருக்கான்னு கேட்டா பிடிச்சிருக்குன்னுதான் வாயில வரும். உங்க அபிப்பிராயம் என்னன்னு பொதுவா கேக்கணும்.”

மீசை நின்றது. “சரி, அபிப்பிராயம் என்ன?”

“ஒருத்தர மட்டும் பாத்துட்டு எப்படிச் சொல்லுதது? ஒப்பிட்டுப் பாக்க இன்னும் ஒரு ரெண்டு பேரு...”

உள் அறையிலிருந்து பெண்ணின் குரல் கணீரென்று வந்தது. “எப்பா, நானும் ரெண்டு பேர ஒப்பிட்டுப் பாத்துட்டே சொல்லுதேன். இவர மொதல்ல அனுப்புங்க.”

கேசரி வருவதற்குள் நாங்கள் செங்கோட்டை பஸ்ஸில் இருந்தோம். எனக்குக் கேசரி போன வருத்தம். அவர் சன்னல் பக்கம் உட்கார்ந்து, “அந்தப் பிள்ளைக்கு முறை தெரியுதுலே” என்று மெச்சிக்கொண்டே வந்தார்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். குற்றாலத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது என் ஆய்வு. அருவியில் குளித்துவிட்டு வெளியே வருகிறவர்களில் ஒவ்வொரு ஏழாவது ஆளையும் நிறுத்திப் படிவம் நிரப்ப வேண்டும். மொத்தம் இருநூறு படிவம். ஒரு கல்லூரியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். நான் நாலு நாள் சாரலில் நின்றேன். நாற்பது படிவமும் ஒரு ஜலதோஷமும் கிடைத்தன. மீதி நூற்று அறுபதையும் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நானே நிரப்பினேன். மூன்று நிறப் பேனா, வலக்கை, இடக்கை. ‘மதுரை, ஜவுளி வியாபாரம், ஐந்தாவது தடவை’ என்று மனிதர்களைப் படைத்துக்கொண்டே போனேன். பிரம்மாவுக்குக்கூட அந்த வேகம் இருந்திருக்காது.

மூணாம் அத்தியாயம் தன் அறைக்கு வரச்சொல்லிப் படிவக் கட்டை வாங்கினார். படிக்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தார்.

“என்னலே, எண்ணெ வாடையே இல்ல?”

முதல் நாற்பது தாள்களைப் பிரித்து வைத்தார். ஒவ்வொன்றிலும் எண்ணெய்க் கறை, தண்ணீர் பட்டுக் கரைந்த எழுத்து, கட்டைவிரல் தடம். நான் படைத்த நூற்று அறுபதும் தீபாவளி வேட்டி மாதிரி மொடமொடவென்று இருந்தன.

“எண்ணெ தேச்சுக் குளிச்சவன் பூரா தலையத் தொவட்டி, கையக் கழுவி, மேச போட்டு உக்காந்தா எழுதுதான்?”

“அண்ணே, கைடு இதெல்லாம் பாக்க மாட்டாரு.”

“அவரு பாக்க மாட்டாரு. நான் பாத்துட்டேம்லா?”

“இருபது நாளுதான்ணே இருக்கு. வேல போயிரும்.”

சுவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பி நில்லு. நானும் வாரேன்” என்றார்.

அவர் பார்த்த அந்தச் சுவரில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அவருக்கும் அதே ஆகஸ்ட் முடிவுதான் கடைசித் தேதி, இனி நீட்டிப்பு கிடையாது என்று எழுதியிருந்தது. இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றாவது அத்தியாயத்தை முடித்திருப்பார். எனக்கு அது தெரியும். ‘நீங்க உங்க வேலையப் பாருங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அஞ்சு மணிக்குக் கிளம்பி நின்றேன்.

ஐந்தருவியில் அவர் ஆறு பேரை விட்டு ஏழாவது ஆளைப் பிடிப்பார். ஏழாவது ஆள் கடுகடுவென்று இருந்தால் நான் நைசாக எட்டாவதுக்கு நகருவேன். “இங்கன வா” என்று சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவார். ஒரு தடவை ஏழாவதாக வந்த ஆசாமி நேரே போய் மசாஜ் பலகையில் குப்புறப் படுத்துவிட்டார். இவரும் பக்கத்துப் பலகையில் படுத்துக்கொண்டு கேள்வி கேட்டார். பலகைக்காரர் சும்மா இருப்பாரா? இவர் முதுகிலும் ஒரு கிண்ணம் எண்ணெயை ஊற்றிச் சாத்த ஆரம்பித்தார். “நீங்க குற்றாலத்துக்கு... அய்யோ... எத்தனாவது தடவ... அம்மா...” என்று அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்ட அந்தப் பேட்டியை நான் மறக்கவே மாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நூற்று அறுபது முடிந்தது. அட்டையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இரண்டு பேரும் டீ குடித்தோம். அந்த நேரத்தில் ஒரு குரங்கு வந்து மேலே இருந்த கொத்தை உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. எண்ணிப் பார்த்தால் பதினோரு படிவம் இல்லை.

“அண்ணே, இப்பத்தான கேட்டோம், எல்லாம் ஞாபகம் இருக்கு. நானே எழுதிருதேன்.”

“நீ எழுதினா அது உன் பதில்லே. குரங்கு கொண்டு போச்சுன்னு எழுது.”

“ஆய்வேட்டுலயா?”

“பொறவு எங்கன எழுதுவெ?”

கடைசி வாரம் அட்டவணை போட்டதும் பிழை திருத்தியதும் அவர்தான். ஆகஸ்ட் கடைசி நாள் சாயங்காலம் நான் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்துவிட்டு ரசீதோடு மேன்ஷனுக்கு வந்தேன். அவர் சுவரிலிருந்த கடிதத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “ஊர்ல வயலு சும்மா கெடக்குலே” என்றார். அடுத்த வாரம் அறையைக் காலிசெய்துவிட்டார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என் அடிக்குறிப்பை உரக்கப் படித்தார். ‘பதினோரு படிவங்களைக் குரங்கு எடுத்துச் சென்றுவிட்டதால் அவை சேர்க்கப்படவில்லை.’ அரங்கு சிரித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எத்தனையோ ஆய்வேடு பாத்துட்டேன். எல்லாரும் இருநூறு கொடுத்து இருநூறும் வாங்கிருவாங்க. குறைஞ்சுதுன்னு எழுதின முதல் ஆள் நீங்கதான்” என்று கை கொடுத்தார். அந்தக் கை எனக்குச் சேரவேண்டியது இல்லை.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. குத்துக்கல்வலசையில் வீடு கட்டிவிட்டேன், கல்லூரியில் நானும் ஒரு கைடு. போன மாதம் என் அறை வாசலில் அவர் நின்றார். தலை நரைத்து, கை காய்த்துப்போய், அதே ஒல்லி உடம்பு. என் மாணவர்கள் இருந்ததால், “சார், உங்ககிட்ட ஒரு இடம் காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன்” என்றார். கையில் புதிதாகப் பதிவு செய்வதற்கான விண்ணப்பம். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ‘இவர் என் கீழ் ஆய்வு செய்ய இசைகிறேன்’ என்று அச்சடித்திருந்தது.

மாணவர்களை வெளியே அனுப்பினேன். பேனாவை மூடி வைத்தேன். “அண்ணே, அன்னைக்கு உங்க தேதியத் தின்னவன் நாந்தானே. எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு.”

“எனக்கும் தெரிஞ்சுதாம்லே வந்தேன். கையெழுத்தப் போடு, ஆபீஸப் பூட்டிருவான்.”

போட்டேன். அவர் மூன்று வருடத்தில் முடித்துவிடுவார் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை. அவர் முடிக்கும்வரை நான் ஓய்வு பெறுவதாகவும் இல்லை.