எனக்கென்று ஒரு டெராபைட்

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் வேண்டும். பெரிதாக வேண்டாம். என் மனைவி திறக்க முடியாததாக இருந்தால் போதும்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள். என் வீட்டு பீரோவில் மேல் தட்டுகளில் தைத்த துணி, கீழ்த் தட்டுகளில் தைக்க வேண்டிய துணி. என் சட்டைகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. மேஜை டிராயரில் பேனா எடுக்கக் கையை விட்டால் குண்டூசி குத்தும். போனில் ஒரு படம் எடுக்கலாம் என்றால் இடமில்லை என்கிறது. உள்ளே பார்த்தால், காலர் வைப்பது எப்படி, ஜிப் வைப்பது எப்படி, வைத்த ஜிப்பைப் பிரிப்பது எப்படி என்று வரிசையாக வீடியோ. என் மனைவி வீட்டில் இருந்தபடியே வீடியோவில் தையல் சொல்லித் தருகிறாள். மாணவிகளுக்குக் குறைவில்லை. எல்லோரும் அவள் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்பவர்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், பழக்கதோஷம்.

இடம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன், விஷயம் வெளியே போக வேண்டாம். நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகன் பரம சாது. அவன் மனைவி ஒரு ராட்சசி. முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் என் மனைவி அதை நம்புவாளா? வீட்டில் இருப்பதே ஒரு லேப்டாப். அதில் 'கரண்ட் பில்' என்று பெயர் போட்டு நாவலை ஒளித்து வைத்திருந்தேன். அந்தப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் திறக்கத் தோன்றாது என்ற தைரியம்தான். இருந்தாலும் அவள் லேப்டாப் முன்னால் உட்காரும்போதெல்லாம் எனக்கு ஷாக் அடிக்கும்.

அலுத்துப்போய்விட்டது. சொந்த வீட்டில் திருடனைப் போல எத்தனை நாள் எழுதுவது?

இந்த நிலையில்தான் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு குடும்பப் பத்திரிகையில் 'வாங்கலாமா?' என்ற பகுதியை எழுதுகிறவன். கெட்டில், குடை, இஸ்திரிப் பெட்டி, எது வந்தாலும் வீட்டுக்கு எடுத்துப்போய் உபயோகித்துப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பொருள் எனக்கே சொந்தம். அதாவது, என் மனைவிக்கே சொந்தம்.

இந்த முறை அவர் நீட்டியது ஒரு கையடக்க எஸ்.எஸ்.டி. கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் நகலெடுத்து வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு டெராபைட் கொள்ளுமாம்.

"தினசரி உபயோகத்துக்குத் தேறுமான்னு பாருங்க" என்றார். "வேகம் எப்படி, சூடாகுதா, கீழே விழுந்தா தாங்குதா, எல்லாம் வேணும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக்கலாமாம். பூட்டு உறுதியான்னும் எழுதுங்க."

பூட்டு! எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. முதுகுவலி தடுத்துவிட்டது.

சோதனைகள் அன்றே ஆரம்பமாயின. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். இருப்பதே தெரியவில்லை. எடை விஷயத்தில் பாஸ். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது பையிலிருந்து அதுவாகவே தரையில் விழுந்து, விழுகிற சோதனையையும் முடித்துக் கொடுத்தது. கீறல்கூட இல்லை.

"என்னங்க சத்தம்?" சமையலறையிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாதது எப்படிங்க டொக்குன்னு விழும்?"

"நான்தான் இடிச்சுக்கிட்டேன்."

"பார்த்துங்க, சுவருக்கு இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு."

பாக்கி இருந்தது வேகம், சூடு, பூட்டு. பூட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். நல்ல விஷயத்தைக் கடைசியில் ருசிக்க வேண்டும் என்பது என் கொள்கை. இந்தக் கொள்கையால் நான் உருப்பட்டதாக நினைவில்லை.

வேகம் பார்க்க நாவலைப் பெட்டிக்குள் ஏற்றினேன். நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் ஏறி முடிந்திருந்தது. வருஷக்கணக்கான என் உழைப்பு, ஒரு கண் சிமிட்டல்கூடத் தேறவில்லை. வேகத்தை அளக்க வேண்டுமானால் மலைமலையாக ஏதாவது வேண்டும். அப்படி மலை வைத்திருப்பது வீட்டில் ஒரே ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டன் வாங்கக் கடைக்குப் போனாள். பட்டன் கடைக்குப் போனால் சீக்கிரம் வரமாட்டாள். லேப்டாப்பில் பெட்டியைச் செருகி, அவளுடைய தையல் வீடியோ அத்தனையையும் ஏற்ற ஆரம்பித்தேன். பெட்டி வேகமானதுதான். லேப்டாப்தான் கிழம். இன்னும் இரண்டு நிமிடம் என்று சொல்லும். பிறகு ஒன்றரை மணி நேரம் என்று சொல்லும். மறுபடி இரண்டு நிமிடம் என்று சொல்லும். வெளியே கிளம்பும்போது என் மனைவி சொல்வது போலவேதான். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சூடு பாஸ் என்று நினைத்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"துணி சாம்பிளை மறந்துட்டுப் போயிட்டேன். நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மா."

"சும்மாவா? என் பாடமெல்லாம் ஒண்ணொண்ணா எங்கேயோ போயிட்டிருக்கு?"

அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்: "உனக்காகத்தான்! லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு. என்னிக்காவது படுத்துட்டா உன் உழைப்பெல்லாம் போயிடுமேன்னு, இதுல ஏத்திப் பத்திரப்படுத்தறேன்."

"எனக்காகவா?"

"பின்ன வேற யாருக்காக?"

அவள் முகம் மாறிவிட்டது. துணி சாம்பிளை அப்படியே வைத்துவிட்டு, நான் கேட்காமலே காபி போட்டுக் கொண்டுவந்தாள். காபி நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்? அவளுடைய வீடியோ லேப்டாப்பில் இருக்கத்தானே போகிறது? நாளைக்குப் பெட்டியில் இருக்கும் நகலை அழிப்பேன். நாவலை மட்டும் விட்டுவைத்துப் பூட்டைப் போடுவேன். லேப்டாப்பில் 'கரண்ட் பில்'லை நீக்கிவிடுவேன். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்ததும் பெட்டியைச் செருகினேன். பாஸ்வேர்டு கேட்டது. நான் எந்தப் பாஸ்வேர்டும் போடவில்லையே!

"ஏம்மா, இது என்னமோ பாஸ்வேர்டு கேக்குது?"

"கேக்கும்ங்க. நான்தான் போட்டேன்." அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். "அது வந்த டப்பாவுக்குள்ள ஒரு பேப்பர் இருந்துச்சு. படிச்சேன். அதுல எப்படிப் பூட்டறதுன்னு போட்டிருந்தான்."

"அதை எதுக்கு இப்பப் பூட்டணும்?"

"பின்ன? என் பாடம் மொத்தமும் அதுலதானே இருக்கு?"

"மொத்தமும் லேப்டாப்புலயும் இருக்கேம்மா!"

"அழிச்சுட்டேனே."

"அழிச்சுட்டியா?"

"நீங்கதானே சொன்னீங்க, லேப்டாப் படுத்துடும்னு? படுக்கப் போறது தலையில எதுக்குச் சுமையை வைக்கணும்? இப்ப பாருங்க, எவ்வளவு வேகமா ஓடுது!"

"நகல்னா ரெண்டு இடத்துலயும் இருக்கணும்மா."

"ஒரே கையை ரெண்டு தடவை வெச்சுத் தைப்பாங்களா யாராவது?"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "அது ஆபீஸ் பெட்டி. ஆசிரியர் திருப்பிக் கேக்கறார். எல்லாத்தையும் மறுபடி லேப்டாப்புல போட்டுட்டுக் குடுத்துடு."

"கெட்டிலைத் திருப்பிக் கேட்டாரா?"

"இல்ல."

"குடையை?"

"இல்ல."

"இஸ்திரிப் பெட்டியை?"

நான் பெட்டியை லேப்டாப்பிலிருந்து கழற்றினேன்.

"அப்படியும் கேட்டார்னா போன் போட்டுக் குடுங்க. நான் பேசிக்கறேன்."

ஆசிரியரும் கல்யாணம் ஆனவர். அவருக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் எனக்கு நாவல் ஞாபகம் வந்தது.

"லேப்டாப்புல எல்லாத்தையுமா அழிச்சே?"

"எல்லாத்தையும்."

"அந்த... கரண்ட் பில்?"

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். கரண்ட் பில் ஏன் இருநூறு பக்கம் இருக்கு? அவ்வளவா கரண்ட் செலவழிக்கறோம்னு பதறிப்போய்த் திறந்தேன்."

நான் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் மேல் பாதி தைத்த கவுன் இருந்தது. எழுந்து நின்றேன்.

"படிச்சியா?"

"முழுசும் படிச்சேன். நல்லாத்தாங்க எழுதறீங்க. அந்தப் பொண்டாட்டிதான் பாவம், என்ன பொறுமை! புருஷன் சுத்த மக்கு. இப்படிக்கூட ஒருத்தன் இருப்பானான்னு இருக்கு."

என் நாவலுக்குக் கிடைத்த முதல் விமர்சனம். சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பும் இல்லை.

"அதையும் அழிச்சுட்டியாம்மா?"

"சேச்சே. லேப்டாப்புலதான் எடுத்தேன். பெட்டியில ஏற்கெனவே நீங்க போட்டது பத்திரமா இருக்கு. முடிவை மட்டும் மாத்திடுங்க. அவன் வீட்டை விட்டுப் போறான்னு எழுதியிருக்கீங்க. எங்கங்க போவான்? சட்டைக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாதவன்?"

"சரி, மாத்தறேன். பாஸ்வேர்டைச் சொல்லு."

"அது எதுக்கு உங்களுக்கு? எழுதணும்னா என்கிட்ட சொல்லுங்க, திறந்து தரேன். கிளாஸ் இல்லாத நேரமாப் பார்த்துக் கேளுங்க."

அவள் கடைக்குப் போகும் நேரங்களில் நானும் முயன்று பார்த்தேன். எங்கள் கல்யாண நாள், அவள் பிறந்த நாள், அவள் அம்மா பெயர், தையல் மெஷின் வாங்கிய வருஷம், எதுவும் எடுபடவில்லை. என் பெயரையும் போட்டுப் பார்த்தேன். அதுவாக இருக்காது என்று தெரிந்தேதான் போட்டேன்.

கட்டுரையை ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். எடை குறைவு, வேகம் நன்று, சூடு அதிகமில்லை, விழுந்தாலும் தாங்குகிறது, தாராளமாக வாங்கலாம். பூட்டைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வரி சேர்த்தேன்: 'மிக மிக உறுதியானது, சொந்தக்காரனே முயன்றாலும் திறக்க முடியாது.'