அங்காளம்மா வைத்த பொட்டு

ஆபீசில் பதினோரு ஆம்பிளைகள் இருக்க, என்னிடம்தானே கொடுத்தார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறியதிலிருந்து தாம்பரம் வரும்வரை காந்திமதி இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மடியில் லேப்டாப். கம்பெனிக்குப் பத்து வாங்கலாமா என்று பார்ப்பதற்காக விற்பனைக்காரர்கள் இரவல் தந்தது. உறுதியாக இருக்கிறதா, டெலிபோன் லைனில் சேர்கிறதா, இரண்டையும் சோதித்து எழுதித் தரச் சொல்லியிருந்தார் மானேஜர் ஸ்ரீரங்கன். அடியில் அவள் கையெழுத்து. பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் ரிப்போர்ட்டை டைப் அடித்தவள்.

உறுதியை அன்று சாயங்காலமே சோதித்தாயிற்று, தெரியாமல். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகையில் அனகாபுத்தூர் திருப்பத்தில் ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்க, பை நழுவி ரோட்டில் விழுந்தது. வண்டி ஓட்டிய கணவன் பூவராகன் ஓடிப்போய் எடுத்தான். திறந்தால் திரை பளிச்சென்று எரிந்தது. கீறல்கூட இல்லை. தான் பெற்ற பிள்ளை பாஸானது போலிருந்தது அவளுக்கு.

அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மாமியார் அங்காளம்மா பூஜையை முடித்திருந்தாள். தையல் மிஷின், கிரைண்டர், எது வீட்டுக்குள் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டாள். மூடியில் மூன்று பொட்டு. பக்கவாட்டில் போன் படம் போட்ட ஓட்டையில் ஒன்று, அழுத்தமாக.

"அங்க ஏன் அத்தை வச்சீங்க?"

"போன் படம் கீதே. நல்ல சேதியா வரட்டும்னுதான்."

மறுநாள் ஞாயிறு. தெருவில் போன் இருந்தது பக்கத்து வீட்டு சுப்பராயலுவிடம் மட்டும். அவர் போன் ஒயரைக் கழற்றி லேப்டாப்பில் செருகினாள். பாதியில் நின்றது. காய்ந்த சந்தனத்தை ஊக்கால் குடைந்தாள். ஊக்கு முனை உள்ளே ஒடிந்தது. அது வழுக்கி வரட்டும் என்று சுப்பராயலு தேங்காய் எண்ணெய் விட்டார். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று பூவராகன் முகப் பவுடர் கொட்டினான். எல்லாம் சேர்ந்து அடையாகிவிட்டது. அதற்குள், சுப்பராயலுவின் துபாய் மருமகன் போன் பண்ணும் நேரமும் தாண்டிவிட்டது.

"உன் பொட்டியும் போச்சு, என் மாப்பிள்ளையும் போச்சு" என்றார் சுப்பராயலு.

பேசாமல் 'நன்று' என்று எழுதிவிடச் சொன்னான் பூவராகன். எழுதலாம்தான். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் முதன்முதலாகத் தன் பெயரில் போகும் காகிதம். உட்கார்ந்து எழுதினாள்: 'மிக உறுதி. கீழே விழுந்தும் பழுதில்லை. டெலிபோன் இணைப்பு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சந்தனம் அடைத்ததே காரணம். தவறு என்னுடையது.'

திங்களன்று மானேஜர் அறையில் விற்பனைக்காரர் ஏசுபாதம் அதை இரண்டு முறை படித்தார். ஓட்டையைப் பார்த்தார். காந்திமதிக்குக் காது சுட்டது. வேலை போகுமா, மானம் மட்டும் போகுமா?

"சந்தனத்து மேல பழி போடாதீங்க மேடம். அது வெறும் ஓட்டை. போன் லைனைச் சேர்க்கிற கார்டே இதுக்குள்ள கிடையாது, தனியா வாங்கணும்" என்றார் ஏசுபாதம். "மூணு கம்பெனில 'இணைப்பு பிரமாதம்'னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஒயரைச் செருகிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் அப்படியே எழுதிடுங்களேன். ஆர்டர் போன வாரமே போட்டாச்சு."

காந்திமதி பழைய தாளை எடுத்து, சந்தனத்தைப் பற்றிய வரியையும் 'தவறு என்னுடையது' என்பதையும் மட்டும் கோடு போட்டு அடித்தாள். 'உள்ளே ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளைத்தாளை, வந்த வழியே நகர்த்தினாள்.

"நான் எழுதினதே இருக்கட்டும் சார்."